ஒரு வாய்க்காலைத் தாண்ட 14 மாசம்: பெர்மிட் அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

தென்செபராங்காரன்:

கேபிள் வேலையில் இருப்பவர்களுக்கு இது புதுசில்லை, சுருக்கமாகவே சொல்கிறேன். மலேசியாவில், பினாங்கு மாநிலத்து நிபோங் தெபாலைத் தாண்டி, செம்பனைக்கு நடுவில் ஒரு கம்போங். பழைய தோட்டத்து ஆட்கள், முப்பது நாற்பது குடும்பம். 2021-ல் அங்கே ஃபைபர் இழுக்கும் வேலை எங்கள் குத்தகையாளருக்கு வந்தது, நான் சைட் சூப்பர்வைசர். சாலையோர அனுமதி கையில் இருந்தது. தூண் நடவும் சரி என்று சொல்லிவிட்டார்கள். நடுவில் ஒரு வாய்க்கால். இரண்டு கரையையும் சேர்த்தால் நாற்பது மீட்டர். அது யாருடைய ரிசர்வ் நிலம், எந்தத் துறை என்று பெயர் சொல்ல வேண்டாம். அந்த நாற்பது மீட்டருக்குத்தான் 14 மாசம்.

வாய்க்காலுக்கு அடியில் துளை போட்டுப் போ என்றார்கள். பிளான் வரைந்து கொடுத்தோம். பிறகு பாலத்தோடு ஒட்டிப் போகலாம் என்றார்கள். பாலம் யாருடையது என்று தெரிய மூன்று மாசம். அதற்குள் ஃபைலைப் பார்த்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார்.

எனக்கு மனசில் நிற்பது இது இல்லை. அடுத்த வாரமே வேலை என்று நம்பி, கேபிள் டிரம்மை முன்கூட்டியே இறக்கி வாய்க்கால் கரையில் வைத்துவிட்டோம். மரச் சக்கரம் மாதிரி, நெஞ்சு உயரம் இருக்கும். அதைச் சுற்றி லாலாங் புல் வளர்ந்துவிட்டது, யாரோ அதில் ஆட்டைக் கட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடம் எல்லாம் மூடிக் கிடந்த சமயம். ஒரு நாள் போனால், பாரம் ஐந்து படிக்கிற ஒரு பிள்ளை அந்த டிரம்மில் சாய்ந்து உட்கார்ந்து, கைப்பேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வகுப்பு கேட்கிறது. அந்தக் கம்போங்கில் இரண்டு கோடு சிக்னல் வருவது அந்தக் கரை மேட்டில் மட்டும்தான். அவள் முதுகுக்குப் பின்னால் இரண்டு கிலோமீட்டர் ஃபைபர் சுருண்டு கிடக்கிறது.

"அண்ணே, இது எப்ப எங்க வீட்டுக்கு வரும்?"

"அடுத்த மாசம்மா" என்றேன். அப்புறம் இரண்டு தடவை அதையே சொன்னேன். பாரம் ஐந்து முடிவில் எழுதும் எஸ்.பி.எம். பரீட்சை, 2021-க்கானது, 2022 மார்ச்சில் நடந்தது. எங்களுக்கு அனுமதி ஆகஸ்டில் வந்தது.

ஓய்வுபெற்ற கிராணி:

தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் இப்படி எழுதும்போது ஆபிஸில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாம் வேண்டுமென்றே இழுப்பது போலத் தெரிகிறது. நான் ஒரு நில அலுவலகத்தில் 27 வருஷம் வேலை செய்தவள். தொலைத்தொடர்பு லைசென்ஸ் கொடுப்பது மத்திய அரசு. நிலம் மாநிலத்துக்கு உரியது, அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையிலேயே இருக்கிறது. கோலாலம்பூரில் வாங்கிய லைசென்ஸ் பினாங்கில் ஒரு சாண் மண்ணைத் தோண்டவும் உரிமை தராது. நீங்கள் சொல்கிற பக்கத்தில் பினாங்கு, கெடா, பேராக் மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. கேபிள் கொஞ்சம் வளைந்து போனால் போதும், வேறு மாநிலம், வேறு நில அலுவலகம், வேறு கட்டணம்.

அரசு நிலத்தில் எதையாவது வைக்கத் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் வாங்குவார்கள், எல்.பி.எஸ். என்போமே, அது. எந்த மாதத்தில் வாங்கினாலும் அந்த வருஷம் டிசம்பரைத் தாண்டி நிற்காது. அக்டோபரில் வந்து கெஞ்சி, நவம்பரில் வாங்கி, ஜனவரியில் மறுபடி வந்து நிற்பார்கள். இதை முன்கூட்டி ஒருவரும் கேட்டுக்கொள்வதில்லை.

ஆனாலும் நான் எழுத வந்தது வேறு. ஒரு பையன் திங்கட்கிழமை தவறாமல் வருவான், உங்களை மாதிரி கேபிள் கம்பெனி ஆள். "வேறு துறையின் கருத்துக் கடிதம் இன்னும் வரவில்லை" என்று அவனைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் வேறொரு ஃபைலைத் திறந்தால் அந்தக் கடிதம் அதற்குள் இருக்கிறது. முத்திரைச் சாப்பு குத்திய தேதி ஆறு வாரத்துக்கு முந்தியது. லாட் எண், அதாவது மனை எண், ஒன்றேதான்; முக்கிம், அதாவது நிலப் பதிவு வட்டாரம், வேறு. ஒவ்வொரு முக்கிமிலும் லாட் எண் முதலிலிருந்து தொடங்குமே, பக்கத்து முக்கிமின் ஃபைலில் போய்ச் சேர்ந்திருக்கிறது. எடுத்து, சரியான ஃபைலில் வைத்து, அன்று மாலையே மேலே அனுப்பினேன். அடுத்த திங்கள் அவன் வந்து "நன்றிக்கா, ரொம்ப உதவி செஞ்சீங்க" என்று ஒரு பொட்டலம் முறுக்கு கொடுத்தான். நான் வாங்கிக்கொண்டேன். நடந்ததைச் சொல்லவில்லை.

பாலிக் புலாவ் டீச்சர்:

எங்கள் பக்கம் தடையாக நின்றது ஆபிஸ் இல்லை, நாங்களேதான். மலைக்குப் பின்னால் இருக்கிற ஊர், சிக்னல் எப்போதும் திண்டாட்டம். பள்ளிக்குக் கொஞ்சம் தள்ளி அரசு நிலத்தில் கோபுரம் வைக்கலாம் என்று திட்டம் வந்தது. கதிர்வீச்சு, பிள்ளைகளுக்கு ஆகாது என்று ஒரு தாள் சுற்றி வந்தது. எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன். கோபுரம் வேறெங்கோ போய்விட்டது.

அப்புறம் 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு. முதல் வாரத்திலேயே ஓர் அம்மா போன் செய்தார். அந்தத் தாளை எனக்கு நீட்டியவர் அவர்தான். "டீச்சர், லைன் விட்டு விட்டு வருது, புள்ள அழுவுறான், என்ன செய்யறது?" என்று கேட்டார். ஒரு பதிலும் சொல்ல முடியவில்லை. என் கையெழுத்து அவர் கையெழுத்துக்கு இரண்டு வரி கீழே இருந்தது. அலைபேசி அலை எக்ஸ்ரே மாதிரி உடம்பின் அணுவைச் சிதைக்கிற வகை இல்லை, அதற்கு அனைத்துலக வரம்பு இருக்கிறது, இங்கே தொலைத்தொடர்பு ஆணையமும் வரம்பு வைத்திருக்கிறது என்பதைப் பின்னால்தான் படித்தேன். அதை அன்றைக்கு யாராவது வந்து எங்கள் மண்டபத்தில் தமிழிலும் மலாயிலும் விளக்கியிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

செந்தூல் வாசி:

கிராணி அக்கா சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மாநிலம், மத்திய அரசு என்று பிரித்துச் சொல்கிறீர்கள். கோலாலம்பூர் 1974-லிருந்து கூட்டரசுப் பிரதேசம், இங்கே மாநில அரசே கிடையாது. இங்கேயும் எங்கள் அடுக்குமாடிக்கு முன்னால் தோண்ட வந்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டு, ஆரஞ்சுக் கூம்பை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு மாசம் அந்தக் கூம்பைச் சுற்றித்தான் என் அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். என் கதை அவ்வளவுதான்.

குறை எங்கே என்றால், பதில் சொல்லக் கெடு கிடையாது. அமெரிக்காவில் மத்திய அரசு நிலம் கடல் மாதிரி. நில மேலாண்மைத் துறை ஒன்றின் கையில் மட்டும் 24 கோடி ஏக்கருக்கு மேல். அங்கே கிராமத்துக்குக் கேபிள் கொண்டுபோகிறவர்களுக்கும் இதே தலைவலி. 2018-ல் சட்டத்தைத் திருத்தி, 270 நாளுக்குள் கொடு, இல்லையென்றால் காரணம் சொல்லி மறு என்று எழுதிவிட்டார்கள். இங்கே அரசின் ஜெண்டேலா இணையத் திட்டத்தில் 2022 இறுதிக்குள் 7.5 மில்லியன் இடங்களுக்கு ஃபைபர் என்று இலக்கு வைத்தார்களே, அதே மாதிரி ஒவ்வொரு அனுமதிக்கும் ஒரு கெடு வைத்திருக்கலாம். உட்புறப் பகுதிகளுக்கென்று லைசென்ஸ் நிறுவனங்களிடம் நிகர வருமானத்தில் 6 விழுக்காடு வசூலிக்கும் நிதி இருக்கிறது. பணம் இருந்தும் சாப்புக்காகக் காத்துக் கிடக்கிறது.

தென்செபராங்காரன், நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே முழு வழியையும் நடந்து பாருங்கள். எந்த மீட்டரிலிருந்து எந்த மீட்டர் வரை யார் ரிசர்வ் என்று ஒரே தாளில் எழுதுங்கள். நிலத்தடியில் என்ன புதைந்திருக்கிறது என்ற வரைபடத்தை நில அளவைத் துறையிடம் கேளுங்கள். எல்லாத் துறைக்கும் ஒரே நாளில் கடிதம் கொடுங்கள், ஒருவர் பதிலுக்குக் காத்திருந்து அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு நகலிலும் பெற்றுக்கொண்ட சாப்பு வாங்கி வையுங்கள். முன்பணம் யார் கட்டுவது என்பதை முதலிலேயே பேசி முடியுங்கள். கடைசி அனுமதி கைக்கு வரும் வரை டிரம்மை இறக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற கிராணி:

அந்த 270 நாள், ஒழுங்காக நிரப்பிக் கொடுத்த விண்ணப்பத்துக்குத்தானே? நான் பார்த்ததில் பாதி முதல் தடவை அப்படி வந்ததில்லை. இருந்தாலும், கெடு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கெடு ஒன்று இருந்திருந்தால் அந்தக் கடிதத்தை ஆறு வாரம் கழித்தா தேடியிருப்பேன்?

தென்செபராங்காரன்:

செந்தூல் அண்ணே, டிரம் விஷயம் சரிதான், இப்போது இறக்குவதில்லை. அனுமதி வந்த பிறகு சோதித்துப் பார்த்தோம், கேபிள் நன்றாகத்தான் இருந்தது. நான்கு நாளில் இழுத்து முடித்துவிட்டோம். அந்தப் பிள்ளையின் வீட்டில் பெட்டி மாட்டியது நான்தான். அவள் இல்லை. ஷா ஆலாமில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள் என்று பாட்டி சொன்னார். பரீட்சை எப்படி எழுதினாள் என்று கேட்க வாய் வரவில்லை.

கிராணி அக்கா, ஒன்று கேட்கிறேன். அடுத்த வேலையிலும் வழியில் ஒரு வாய்க்கால் வருகிறது, அரசு நிலம். இப்போதே போடவா, ஜனவரியிலா?

ஓய்வுபெற்ற கிராணி:

இப்போதே போடுங்கள் தம்பி, மற்ற துறைகள் கருத்துச் சொல்லவே வருஷம் திரும்பிவிடும். எல்.பி.எஸ். தொடங்கும் தேதியை மட்டும் ஜனவரி என்று கேளுங்கள். மேல் அட்டையில் முக்கிம் பெயரை லாட் எண்ணுக்கு முன்னால், பெரிய எழுத்தில் எழுதுங்கள்.