ஹெட்வே: ‘இடைவெளி’ போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

ரயில் இயக்கச் சொற்பட்டியலில் ‘ஹெட்வே’க்கு நேராக ‘இடைவெளி’ என்று இருக்கிறது. நாளிதழுக்கு அது போதும். கால அட்டவணை போடுகிறவருக்குப் போதாது. ஒரு வண்டியின் முகப்பு ஓரிடத்தைக் கடந்ததிலிருந்து அடுத்த வண்டியின் முகப்பு அதே இடத்துக்கு வரும்வரை ஆகும் நேரம்தான் ஹெட்வே. ‘இடைவெளி’ என்றாலோ முன்வண்டி போனபின் தடம் காலியாகக் கிடக்கும் நேரம்தான் மனதில் வரும்.

கணக்குப் போட்டால் இது சின்ன வித்தியாசம் இல்லை. 12 பெட்டி புறநகர் மின்சார ரயிலின் நீளம் சுமார் 250 மீட்டர். 30 விநாடி நின்று, 0.5 மீ/வி² முடுக்கத்தில் கிளம்பினால் வால் நடைமேடையை விட்டு நீங்க இன்னும் 32 விநாடி. ஹெட்வே 4 நிமிடம் என்றால் மணிக்கு 15 வண்டி. அந்த 4 நிமிடத்தை வால் நீங்கியபின் எண்ணத் தொடங்கினால் 12 வண்டிகூட முழுதாகத் தேறாது.

என் முன்மொழிவு: வரவிடை நேரம்.

----

> என் முன்மொழிவு: வரவிடை நேரம்.

பிரித்துப் பார்த்தது சரி, சொல்தான் இடறுகிறது ஐயா. ‘வரவு’ என்றால் பேரேடு நினைவுக்கு வருவதை விடுங்கள். நிற்காமல் ஓடும் விரைவு வண்டிக்கு வரவு ஏது? புறப்படும் நிலையத்தில் என்ன சொல்வது? ‘முகப்பிடை’ என வைக்கலாம். எதிலிருந்து எதுவரை அளப்பது என்பது சொல்லிலேயே இருக்கிறது. ‘இடைவெளி’யை வாலுக்கும் முகப்புக்கும் நடுவில் உள்ளதற்கு விட்டுவிடலாம். பேருந்துக்கும் பொருந்தும். (அகராதியைப் பார்த்து ‘முன்னேற்றம்’ என்று போட்ட பட்டியலும் உண்டு. அந்த வம்பு வேண்டாம்.)

அட்டவணையில் நாம் போடும் முகப்பிடை ஒன்று, தடம் தாங்கும் மிகக் குறைந்த முகப்பிடை இன்னொன்று. இரண்டாவதைக் ‘குறும முகப்பிடை’ எனலாமா? தானியங்கி சிக்னல் பகுதியில் முன்வண்டியின் வால் அடுத்த சிக்னலைத் தாண்டி மேலும் 120 மீட்டராவது விலகினால்தான் பின்வண்டிக்கு வழி கிடைக்கும். அதனால் 9 பெட்டியை 12 ஆக்கினால் ஆள் ஏறும் இடத்தோடு குறும முகப்பிடையும் கூடும்.

குறும முகப்பிடையைக் குறைக்க விடாமல் பெரும்பாலும் கழுத்தைப் பிடிப்பது கடைசி நிலையம். வண்டி திரும்பிப் போக, ஓட்டுநர் சாவியை எடுத்துக்கொண்டு மறுமுனை அறைக்கு 250 மீட்டர் நடக்கவே 3 நிமிடம். வெளியேறும் வண்டி பாயின்டை (தடம் மாறும் இடத்தை) கடக்கும்வரை உள்ளே வரும் வண்டி நிலையத்துக்கு வெளியே ஹோம் சிக்னலில் காத்திருக்க வேண்டும். மறுமுனையில் இன்னொரு ஓட்டுநரை முன்கூட்டியே நிறுத்தினால் நடை நேரம் மிச்சம்; பாயின்ட் சிக்கல் அப்படியேதான் இருக்கும்.

அட்டவணை முகப்பிடையைக் குறும முகப்பிடைக்கு ஒட்டிப் போட்டால் அட்டவணை குலைந்துவிடும். ஒரு வண்டி 40 விநாடி தாமதித்தால் அடுத்த நடைமேடையில் கூட்டம் சேரும், ஏறி இறங்க நேரம் கூடும், பின்வண்டி வந்து முட்டிக்கொண்டு நிற்கும்.

----

முகப்பிடைக்கு என் ஆதரவு. ‘குறும’ வேண்டாம், பாடநூலில் பெரும, சிறும என்று பழகிவிட்டதால் ‘சிறும முகப்பிடை’ என்போம்.

கூடவே ‘ஃப்ரீக்வென்சி’யையும் முடித்துவிடலாம். ‘அதிர்வெண்’ இயற்பியலுக்குப் போகட்டும். ‘வண்டி எண்ணிக்கை’ என்றால் ஒரு நாளைக்கா, ஒரு மணிக்கா என்ற கேள்வி வரும். ‘மணி வீதம்’ போதும்: முகப்பிடை 4 நிமிடம், மணி வீதம் 15. நிலைய அறிவிப்புப் பலகையில் மட்டும் எதையும் மாற்ற வேண்டாம். ‘4 நிமிடத்துக்கு ஒரு ரயில்’ என்பதில் குழப்பமே இல்லை.

பட்டியலுக்கான பதிவு:

முகப்பிடை (பெ.): ஒரே தடத்தில், ஒரே திசையில் அடுத்தடுத்து ஓடும் இரு வண்டிகளின் முகப்புகள் ஒரு புள்ளியைக் கடக்கும் நேர வேறுபாடு, நிமிடத்திலோ விநாடியிலோ. தொலைவாக அளந்தால் ‘முகப்பிடைத் தொலைவு’.

‘டுவெல் டைம்’ பாக்கி, அதாவது வண்டி நிலையத்தில் நிற்கும் நேரம். ‘நிறுத்த நேரம்’ என்றால் வண்டியை நிறுத்தப் பிரேக் பிடிக்கும் நேரமாகவும் படிக்கலாம். ‘நிற்பு நேரம்’ எப்படி? மறுப்பு இருந்தால் தனி இழையில் எழுதுங்கள்.