வெயிட் 7 கிலோ கொறஞ்சும் சைக்கிள்ல மலை ஏத்தத்துல ஸ்லோ ஆயிட்டேன், ஹெல்ப் ப்ளீஸ்

சேலத்து_பெடல்:
அவசரமா ஒரு டவுட்டுங்க. வெயிட் கொறச்சா ஏத்தம் ஈசியாயிடும்னு சொன்னாங்கனு ரெண்டு மாசமா சோத்த நிறுத்தி 7 கிலோ எறக்கிட்டேன், ஆனா ஏற்காடு ஏற முன்ன விட லேட்டாகுது, ஆப்ல பவரும் கம்மியா காட்டுது. அடுத்த மாசம் செட்டோட கொல்லிமலை, 70 கொண்டை ஊசி, அவனுங்க முன்னாடி எறங்கி தள்ளிட்டு போனா மானமே போயிடும். என்ன பண்ணலாம்?

மலைக்குரங்கு:
எந்தப் பக்கம் ஏறுறீங்க, அடிவாரமா குப்பனூரா? வெயிட் எவ்வளவுல இருந்து எவ்வளவு? டைம் என்ன? 7 கிலோ 7 கிலோனா நாங்க என்னத்த சொல்றது

கியர்மாமா:
கேசட் (பின் சக்கரத்து பல்லு செட்டு) 11-28 தான, பெருசுல 28 பல்லு? கேக்கவே வேணாம், அதான் பிரச்சன. கொண்டை ஊசி உள்வளைவுல கேடன்ஸ் (நிமிசத்துக்கு எத்தன சுத்து மிதிக்கிறோம்) 50க்கு கீழ விழுந்து தொட செத்துரும். 34 பல்லு கேசட் போடுங்க, டீரெய்லர் (பின்னாடி கியர் மாத்துறது) கேஜ், அதான் அதுல தொங்குற கை, அதுக்கு பத்துமானு பாத்துட்டு வாங்குங்க, செயினும் நீளமா வேணும்.

மலைக்குரங்கு:
மாமா, இதே சைக்கிள் இதே கியர்லதான அவரு முன்ன வேகமா ஏறிருக்காரு?

கியர்மாமா:
கொல்லிமலைக்கு 34 வேணுமா வேணாமா? அத சொல்லுங்க

டபுள்செஞ்சுரி:
மாசம் ஒருத்தர் இதே கேள்வியோட வந்துர்றீங்க, மேல தேடிப் பாக்குற பழக்கமே கெடையாது. வாட்ஸ் பர் கிலோனா மேல பவர், கீழ வெயிட், ரெண்டு நம்பர் தம்பி. கீழ உள்ளத மட்டும் கொறச்சுட்டு மேல உள்ளது அப்படியே நிக்கும்னு யாரு சொன்னா? முதல்ல பவர் மீட்டர் (மிதிக்கிற பவர அளக்குற கருவி) வாங்குங்க, அப்றம் பவர் பத்தி பேசலாம்.

சேலத்து_பெடல்:
84ல இருந்து 77. அடிவாரம் பக்கம். முன்ன 1 மணி 28, இப்ப 1.34. பவர் மீட்டர்லாம் இல்லங்க. சைக்கிள் தண்ணி எல்லாம் சேத்து ஒரு 12 கிலோ. காலைல பிளாக் காபி மட்டும்தான், மேல போறப்ப லேசா தல சுத்துது, அது வெயிலாலனு நெனச்சேன்

ரெண்டுசக்கரம்:
பவர் மீட்டர் இல்லாம ஆப் காட்றது கணக்குப் போட்ட பவர், நீங்க குடுத்த வெயிட்ட வச்சுதான் போடும். அத விடுங்க, உங்க டைமே போதும். ஏத்தத்துல காத்து பெருசா தடுக்காது, மொத்த வெயிட்ட மேல தூக்குறதுக்குதான் பவர்ல பெரும்பங்கு போகுது. கிட்டத்தட்ட 1000 மீட்டர் ஏறுறீங்கனு வைங்க. முன்ன மணிக்கு 680 மீட்டர், 96 கிலோ, தூக்க மட்டும் 178 வாட்ஸ். இப்ப மணிக்கு 640 தான், 89 கிலோ, 155 வாட்ஸ். மொத்த வெயிட் 7 சதவீதம் கொறஞ்சுது, பவர் 13 சதவீதம் போச்சு. பழைய பவர் அப்படியே இருந்திருந்தா 1.22லயே மேல போயிருப்பீங்க. (டபுள்செஞ்சுரி அண்ணே, இதுக்கு மீட்டர் எதுக்கு?)

அப்புறம் அந்த 7 கிலோல கொஞ்சம் வெறும் தண்ணி. தசைல ஒரு கிராம் கிளைகோஜன் (சாப்பாட்டுல இருந்து ஒடம்பு சேத்து வைக்கிற சக்கரை) இருந்தா கூட 3 கிராம் தண்ணி இருக்கும், சோறு நிறுத்துன மொத வாரமே அது எறங்கிரும், தராசு பாத்து சந்தோசப்படுவோம், ஆனா ஏத்தத்துக்கு எரியறதே அந்த கிளைகோஜன்தான். வாரத்துக்கு அரைக்கிலோ எறங்குனா போதும். ஹார்டா மிதிக்கிற அன்னிக்கு வயித்த காயப்போடாதீங்க, முந்தின நைட்டும் காலைலயும் சாப்ட்டு போங்க, ரைடுல மணிக்கு 30ல இருந்து 60 கிராம் கார்ப் (மாவுச்சத்து, சக்கரை) உள்ள போகணும், வாழப்பழம் கடலமிட்டாய் எடுத்துட்டு போனா சரியாயிடும். சும்மா இருக்குற நாள்ல கொறச்சுக்கலாம். தல சுத்தல் நிக்கலனா டாக்டர்ட்ட போய் ஹீமோகுளோபின் பாருங்க, அத சும்மா விடாதீங்க.

கம்பு_கேழ்வரகு:
சோத்த நிறுத்துனது கரெக்ட்தான், நிறுத்திட்டு கேழ்வரகுக்கு மாறல, அதான் தப்பு. எங்க தாத்தா களி சாப்ட்டு தெனம் மலை ஏறுனாரு.

மலைக்குரங்கு:
தாத்தா சைக்கிள்லயா ஏறுனாரு?

ரெண்டுசக்கரம்:
களியும் கார்ப்தாங்க, நல்லா சாப்டுங்க. ஏறுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி மட்டும் வேணாம், நார்ச்சத்து வயித்துலயே நிக்கும். இட்லி பெட்டர்.

கம்பு_கேழ்வரகு:
இட்லி சாப்ட்டா சுகர் ஏறும்

கியர்மாமா:
யோவ் அவரு சுகர் பத்தியா கேட்டாரு

கார்பன்காதலன்:
யாரும் வீல பத்தி பேசல. என் வீல்செட் மாத்துனதுல ஒரு கிலோ கொறஞ்சுது, பறக்குது. ப்ரோ சைக்கிளுக்கே 6.8 கிலோக்கு கீழ போகக்கூடாதுனு யூசிஐ (சர்வதேச சைக்கிள் சங்கம்) ரூல் போட்ருக்கான்னா வெயிட் எவ்ளோ முக்கியம்னு பாருங்க.

மலைக்குரங்கு:
90 கிலோல ஒரு கிலோ, அதாவது ஒரு மணி நேர ஏத்தத்துல 40 செகண்ட். அதுக்கு எவ்ளோ குடுத்தீங்க?

கார்பன்காதலன்:
அது பர்சனல்

டபுள்செஞ்சுரி:
நான் சொன்னதையேதான் இவங்க நீட்டி சொல்லிருக்காங்க. கவனிச்சுக்கங்க.

சேலத்து_பெடல்:
இன்னிக்கு இட்லி சாப்ட்டு போனேன், தல சுத்தல. பாதில மழ, டைம் எடுக்கல. நன்றிங்க. மாமா, டீரெய்லர்ல கேஜ் அளவு எங்க போட்ருக்கும்?

கியர்மாமா:
ஷிமானோனா பின்பக்கம் எஸ்எஸ் அல்லது ஜிஎஸ்னு இருக்கும் பாருங்க. எஸ்எஸ்ஸ விட ஜிஎஸ் நீளம். மாடல் நம்பரோட போட்டோ போடுங்க

கம்பு_கேழ்வரகு:
இட்லிக்கு கேழ்வரகு மாவுலயே ஊத்தலாம்