கனடா ரெஸ்யூம்: எதை வெட்டலாம், எதை விட்டு வைக்கணும்?

கேள்வி: டொராண்டோவுக்குப் புதுசு. அக்கவுண்டன்ட் வேலைக்கு நாலு பக்க ரெஸ்யூம் இருக்கு. ரெண்டு பக்கமாக்கச் சொல்றாங்க. எங்கே கை வைக்கிறது?

பதில்: முதல்ல போட்டோ, பிறந்த தேதி, அப்பா பேர், மதம், கல்யாண விவரம், பாஸ்போர்ட் நம்பர் எல்லாத்தையும் எடுத்துடுங்க. வயசு, மதம், பிறந்த நாடு, குடும்ப நிலை பார்த்து ஆள் எடுக்கிறது ஒன்டாரியோ மனித உரிமைச் சட்டப்படி தப்பு. அதனால அந்த விவரம் உங்களுக்கு உதவாது, எச்ஆருக்கும் தர்மசங்கடம். சின் நம்பரை (SIN, வேலைக்கும் வரிக்கும் கனடா அரசு கொடுக்கிற ஒன்பது இலக்க அடையாள எண்) தயவுசெய்து எழுதவே எழுதாதீங்க. அது தப்பான கையில சிக்கினா உங்க பேர்ல கடன் வாங்கிடுவாங்க. வேலைக்குச் சேர்ந்ததும் சம்பளக் கணக்குக்குக் கொடுத்தா போதும். முகவரிக்கு ஊரும் மாகாணமும் போதும்.

'மேற்கண்டவை யாவும் உண்மை'ன்னு கையெழுத்தோட வர்ற டிக்ளரேஷன் இங்கே கிடையாது. டிகிரி இருந்தா பத்தாவது, பன்னிரண்டாவது மார்க்கும், இலங்கையில படிச்சவங்கன்னா ஓ.எல்., ஏ.எல். ரிசல்ட்டும் வேண்டாம்.

இவ்வளவும் எடுத்தாலும் அரைப் பக்கம்தான் குறையும். இடத்தை அடைக்கிறது வேலை விவரம். டேலி என்ட்ரி, பேங்க் ரெகன்சிலியேஷன், ஜிஎஸ்டி ஃபைலிங்னு ஒரே ஆறு வரியை மூணு கம்பெனிக்கும் ஒட்டியிருப்பீங்க. கடைசிக் கம்பெனிக்குக் கீழே மட்டும் விரிவா எழுதுங்க, அதுவும் எண்ணிக்கையோட: எத்தனை பேங்க் கணக்கு, மாசம் எத்தனை இன்வாய்ஸ், எந்தத் தேதிக்குள்ள கணக்கை முடிச்சீங்க. முந்தின கம்பெனிக்கு ரெண்டு வரி. பதினஞ்சு வருஷத்துக்கு முந்தினதுக்குக் கம்பெனி பேரும் பதவியும் போதும்.

வெட்டுற வேகத்துல தேவையானதும் போயிடக் கூடாது. உங்க கம்பெனியை இங்கே யாருக்கும் தெரியாது. என்ன தொழில், எத்தனை பேர்னு ஒரு வரி இருக்கட்டும். கனடாவிலயும் ஜிஎஸ்டி இருக்கு, அதனால 'இந்திய ஜிஎஸ்டி'ன்னே எழுதுங்க. 2 கோடின்னா புரியாது, 20 மில்லியன் ரூபாய்னு போடுங்க. உங்க டிகிரி கனடாவில எதுக்குச் சமம்னு டபிள்யூஇஎஸ் (WES) நிறுவனம் கொடுக்கிற மதிப்பீடு இருந்தா அதையும் பக்கத்திலேயே குறிப்பிடுங்க.

கேள்வி: அக்கவுண்டன்ட் வேலை கிடைக்கிற வரைக்கும் வேர்ஹவுஸ் வேலைக்குப் போகலாம்னு இருக்கேன். எம்.காமை மறைச்சா பொய்யாகாதா?

பதில்: ஆகாது. அந்த வேலைக்குச் சம்பந்தமில்லாததை ரெஸ்யூம்ல எழுதாம விடலாம். அதுக்குத் தனியா ஒரு பக்க ரெஸ்யூம் வச்சுக்கோங்க: ஸ்டாக் எடுத்தது, பில் சரிபார்த்தது, எந்த ஷிஃப்டுக்கு வர முடியும், எவ்வளவு எடை தூக்க முடியும். ஆனா அப்ளிகேஷன் ஃபாரத்துல படிப்பு முழுக்கக் கேட்டா உள்ளதை அப்படியே எழுதுங்க. வேலை பார்த்த வருஷத்தை மட்டும் எதிலயும் மாத்தாதீங்க, பழைய கம்பெனியில விசாரிப்பாங்க. ரெண்டு ரெஸ்யூமுக்கும் ஃபைல் பேரை வேற வேறயா வையுங்க, அவசரத்துல மாத்தி அனுப்பிடாம இருக்கும்.