அனுஷ பூஜையில் சொல்லும் பெரியவா அனுபவங்கள்: யாருக்கு நடந்தது என்று கேட்கலாமா, கூடாதா?

செம்பூர்க்காரன்:
மும்பையில் எங்கள் பக்கம் மாதா மாதம் அனுஷத்தன்று, அதாவது காஞ்சி மடத்து மகா பெரியவாளின் (சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள்) ஜன்ம நட்சத்திரத்தன்று, ஒரு வீட்டில் கூடி அவருக்குப் பூஜை செய்து, அவர் உரைகளின் தொகுப்பான ‘தெய்வத்தின் குரல்’ கொஞ்சம் படித்து, அப்புறம் அவரவர் அனுபவம் சொல்வது வழக்கம். இந்தக் கடைசிப் பகுதிக்காகவே வருகிறவர்கள் உண்டு, நானும் அதில் ஒருவன். 1970களின் கடைசியிலும் 80களின் தொடக்கத்திலும் பெரியவா எண்பதைத் தாண்டிய வயதில் மகாராஷ்டிரத்துக்கு நடந்தே வந்து சதாரா, பண்டரிபுரம் என்று தங்கியிருந்தபோது, காஞ்சிபுரம் போய்வர லீவும் கையில் காசும் இல்லாத பம்பாய்த் தமிழர்கள் சனிக்கிழமை ஆபீஸ் முடித்து ரயிலோ எஸ்.டி. பஸ்ஸோ பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியிருக்கிறார்கள். அவர்கள் சொல்லிக் கேட்பது தனி. எங்கே வரிசை நின்றது, மழையா வெயிலா, பெரியவா அன்றைக்குப் பேசினாரா மௌனமா, எல்லாம் வரும். சில பேருக்குச் சொல்ல ஒன்றுமே இருக்காது. பார்த்தேன், நமஸ்காரம் பண்ணினேன், வந்துட்டேன் என்று முடித்துக்கொள்வார்கள். அதுவும் போதும்.

இப்போது கொஞ்ச காலமாக அந்த இடத்தை வாட்ஸ்அப் பிடித்துக்கொண்டது. யாராவது போனை எடுத்து ஒரு பார்வர்டைப் படிக்கிறார்கள். ‘ஒரு ஏழை பக்தர்’, ‘ஒரு பெரிய டாக்டர்’. ஊர் இருக்காது, வருஷம் இருக்காது. போன தடவை திருச்சிக்காரருக்கு நடந்தது இந்தத் தடவை பாலக்காட்டுக்காரருக்கு நடக்கிறது. படித்து முடித்ததும் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள், மணியாகிவிடுகிறது, சதாரா போய் வந்த எண்பது வயது மாமா வாயே திறக்காமல் பிரசாதம் வாங்கிக்கொண்டு போகிறார். நான் ஒரு யோசனை சொன்னேன்: தனக்கு நடந்ததையோ, நடந்தவர் வாயால் தானே கேட்டதையோ மட்டும் சொல்வோம், பார்வர்ட் வேண்டாம். குழுவில் பெரிய மனஸ்தாபம் ஆகிவிட்டது. இங்கே மும்பைத் தமிழர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள், என்ன நினைக்கிறீர்கள்?

முலுண்ட் மாமா:
மனஸ்தாபம் வராமல் எப்படி இருக்கும்? பக்தி பண்ண வந்தவர்களிடம் ஆதாரம் கேட்டால்? சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத் தொகையில் கண்ணப்பரைப் பற்றிப் பாடியது ‘கலைமலிந்த சீர்நம்பி கண்ணப்பர்க் கடியேன்’ என்ற ஒரே அடி. அதற்கப்புறம் நம்பியாண்டார் நம்பி அந்தாதி பாடினார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் வந்துதான் காளத்தி மலையும் வேட்டையும் குடுமித்தேவரும் கண்ணை அகழ்ந்து அப்பியதும் நமக்கு இன்று தெரிகிற மாதிரி முழுசாகக் கிடைத்தது. சேக்கிழார் நேரில் பார்த்தாரா? உங்கள் விதியைப் போட்டிருந்தால் பெரிய புராணமே கிடையாது. அடியார் கதை வாய் மாறி வாய் மாறித்தான் வளரும், அப்படி வளர்ந்ததால்தான் தமிழ்நாட்டில் சைவம் நின்றது. ஊரும் வருஷமும் தப்பாக இருக்கலாம், அந்தக் கதையைக் கேட்டு ஒருவன் அன்றைக்கு ராத்திரி விளக்கேற்றி உட்கார்ந்தான் என்றால் அது குரு அனுக்கிரகம்தான்.

சயான் வாசகன்:
மாமா, விளக்கேற்றுவதோடு நின்றால் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. என் பெரியப்பா இதே மாதிரி ஒரு பஜனைக் குழுவில் இருந்தார் (எந்தக் குழு, எந்த குரு என்பது வேண்டாம், இது எல்லா இடத்திலும் நடக்கிறது). வயிற்றில் கட்டி என்று டாக்டர் பயாப்ஸி எடுக்கச் சொன்னார். அந்த வாரம் குழுவில் ஒருவர், தீர்த்தம் சாப்பிட்டுக் கட்டி கரைந்துபோன ஒரு கதையைச் சொல்லியிருக்கிறார். யாருக்குக் கரைந்தது, அது என்ன கட்டி, யாரும் கேட்கவில்லை. பெரியப்பா பயாப்ஸியைத் தள்ளிப் போட்டார், மழைக்காலம் போய் தீபாவளி வந்துவிட்டது. அதற்கப்புறம் டாடா புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது செய்வதற்கு அதிகம் மிச்சமில்லை. கதை சொன்னவர் நல்லவர், துக்கத்துக்கு வந்து எங்களோடு அழுதார். அவருக்கும் அது யாரோ அனுப்பியதுதான்.

ரமணருக்கு இடது கையில் கட்டி வந்தபோது 1949இல் ஒரே வருஷத்தில் நாலு அறுவை சிகிச்சை நடந்தது. டாக்டர்கள் ஆசிரமத்துக்கே வந்து செய்தார்கள், 1950 ஏப்ரல் 14 அன்று சித்தியடைந்தார். ராமகிருஷ்ணருக்குத் தொண்டையில் புற்றுநோய், மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர் பார்த்தார். குருமார்களே டாக்டரிடம் உடம்பைக் காட்டியிருக்கும்போது, சீடர்கள் சொல்லும் கதையில் மட்டும் டாக்டர் எப்போதும் கையை விரிப்பவராகவே வருகிறார். வேண்டிக்கொண்டும் குணமாகாதவர்கள் எந்த சத்சங்கத்திலும் எழுந்து பேசுவதில்லை. அவர்களையும் பேச விடுங்கள், அப்புறம் கணக்குப் பார்க்கலாம்.

முலுண்ட் மாமா:
உங்கள் பெரியப்பாவுக்கு நடந்தது மனசைப் பிசைகிறது. ஆனால் தள்ளிப் போடு என்று அந்தக் கதை சொல்லவில்லையே. பெரியவா எந்த பக்தரிடமாவது டாக்டரிடம் போகாதே என்று சொன்னதாக நான் கேட்டதில்லை. ரமணரும் பக்தர்கள் கெஞ்சியதால்தான் அத்தனை சிகிச்சைக்கும் உடம்பைக் கொடுத்தார். தமக்காக ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கருணையைச் சொல்லாமல் அறுவைக் கணக்கை மட்டும் சொன்னால் எப்படி?

டோம்பிவிலிப் பெண்:
நான் பிறந்ததே பெரியவா சித்தியான 1994 ஜனவரி 8க்கு அப்புறம். பெரியவாளைப் பார்த்ததில்லை, எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. செம்பூர்க்காரர் விதிப்படி எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கக்கூடாது, மாமா சொல்கிறபடி பார்த்தால் நான் மற்றவர்கள் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ரெண்டும் எனக்குப் பொருந்தவில்லை.

கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் ஒருவரையும் தெரியாது. காலை லோக்கலில் தொங்கிக்கொண்டு போய், ராத்திரி வந்து சமைத்து, படுத்தால் விடிந்துவிடும். ஒரு தோழி கொடுத்த ‘தெய்வத்தின் குரல்’ பாகம் ஒன்றை ரயிலில் படிக்க ஆரம்பித்தேன். ரா. கணபதி ஏழு பாகமாகத் தொகுத்ததில் சாஸ்திர விஷயம் நிறைய எனக்குப் புரியவில்லை, சிலதில் இன்றைக்கும் எனக்கு உடன்பாடில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பிடி அரிசி பற்றித் தெரிந்துகொண்டபோதுதான் பிடித்துக்கொண்டது. உலை வைப்பதற்கு முன்னால் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பது, சேர்ந்ததைக் கோயிலில் சமைத்து இல்லாதவர்களுக்குக் கொடுப்பது. இங்கே வாங்கிக்கொள்ள அப்படி ஏற்பாடு இல்லை, அதனால் நான் மாசத்துக்கு ஒரு தடவை பக்கத்துக் கட்டடத்தில் வீட்டு வேலை செய்யும் பெண்ணின் பிள்ளைகளுக்காகக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அரிசியில் கை வைக்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வருகிறது. எனக்கு அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை, கனவிலும் வந்ததில்லை. ஆனாலும் இது எனக்கும் அவருக்கும் நடுவில் இருப்பது, யாரோ அனுப்பியது கிடையாது. போன அனுஷத்தில் இதைச் சொல்லலாம் என்று நினைத்தேன், எனக்கு முன்னால் ஒருவர் விபூதி கொட்டிய கதையைப் படித்ததும் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன்.

செம்பூர்க்காரன்:
அம்மா, நீங்கள் சொன்னதைத்தான் நான் கேட்கிறேன். நேரில் பார்த்திருக்க வேண்டும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, உங்களுக்கு நடந்ததை நீங்கள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

முலுண்ட் மாமாவுக்கு ஒன்று. சேலத்தில் வக்கீலாக இருந்தவர் பி.வி. நரசிம்ம சுவாமி. ரமணாசிரமத்தில் சில வருஷம் இருந்து ரமணர் சரித்திரத்தை இங்கிலீஷில் எழுதினார். 1936இல் ஷீரடிக்கு வந்தார். பாபா 1918 விஜயதசமியன்று சமாதியாகிப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. நம்மவருக்கு மராத்திச் சீமை புதுசு. பாபாவோடு பழகியவர்களைத் தேடித் தேடிப் போய், பேர் என்ன, வயசு என்ன, என்ன வேலை, எங்கே வாசம் என்று கேட்டு ஒவ்வொருவர் அனுபவத்தையும் வாக்குமூலம் மாதிரி எழுதி வாங்கினார். பம்பாய்க்காரர்கள் அதில் நிறைய. பாபாவிடம் அவருக்கு பக்தி குறைச்சலா? மயிலாப்பூர் சாயி கோயிலே அவர் முயற்சியில் வந்ததுதான். பக்தி இருந்ததால்தான் அத்தனை அலைந்தார். இதைவிட நல்ல முன்மாதிரி மும்பைத் தமிழர்களுக்கு எங்கே கிடைக்கும்?

முலுண்ட் மாமா:
அந்த வாக்குமூலங்களை நானும் படித்திருக்கிறேன், பக்கத்துக்குப் பக்கம் அற்புதம்தான்! பேரும் வயசும் இருப்பதால் சயான்காரர் ஒப்புக்கொள்வாரா?

சயான் வாசகன்:
ஒப்புக்கொள்ள மாட்டேன். பதினெட்டு வருஷம் கழித்து, பக்தராக இருப்பவரிடம், இன்னொரு பக்தர் போய்க் கேட்டது அது. ஷீரடி போய் மனசு ஒட்டாமல் திரும்பியவர்களைத் தேடி யார் போனார்கள்? ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு, அதை மதிக்கிறேன். அங்கே சொன்னவர் யார் என்று தெரியும், அன்றைக்கே ஒருவர் நேரில் போய் ஐயா அப்போது மருந்தும் சாப்பிட்டீர்களா என்று கேட்டிருக்கலாம். பார்வர்டை நான் யாரிடம் போய்க் கேட்பது?

மாட்டுங்கா பூக்கடை:
ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இன்றைக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். இப்போது தாராவியில் வீடு, அப்பா மாட்டுங்காவில் பூ கட்டி விற்றார். கோயிலுக்கும் பூஜைக்கும் மாலை வாங்குகிற மாமாக்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவர்கள் பஸ் பிடித்து சதாரா கிளம்பும்போது, மாலை வாடாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அப்பாவையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். கூடையில் வாழை இலை போட்டு, ஈரத்துணி மூடி, வழியெல்லாம் தண்ணீர் தெளித்துக்கொண்டு போனாராம். அங்கே கூடையை வாங்கி உள்ளே கொண்டுபோனவர்கள் வேறு. அப்பா தூரத்தில் நின்று பார்த்தார். பெரியவா அன்றைக்கு மௌனம். அப்பாவைப் பார்த்தாரா என்பதுகூட அப்பாவுக்குத் தெரியாது. தான் கட்டிய மாலையை அவர் கையில் எடுத்ததை மட்டும் பார்த்திருக்கிறார்.

பூ வியாபாரத்தில் முதல் நாள் மிச்சத்துக்குத் தண்ணீர் தெளித்து மறுநாள் புதுப்பூவோடு கலந்து கட்டுவது எல்லோரும் செய்வது, அப்படிச் செய்யாவிட்டால் மழைக்காலத்தில் கட்டுப்படியாகாது. சதாரா போய் வந்தபின் அப்பா அதை விட்டுவிட்டார். மிச்சத்தைக் கொட்டிவிடுவார். அம்மாவுக்கு அதில் பெரிய வருத்தம், பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட முடியாத மாசமெல்லாம் இருந்தது, வீட்டில் சண்டையும் நடந்தது. ஏன் என்று கேட்டால் அவர் எடுத்துக்கிட்டாரே என்பார், அதற்குமேல் சொல்லத் தெரியாது.

அப்பாவை எந்த சத்சங்கத்திலும் யாரும் பேசக் கூப்பிட்டதில்லை. மாலை வாங்க மட்டும் வந்தார்கள். பார்வர்டா சொந்த அனுபவமா என்று பேசுகிறீர்கள், அனுபவம் சொல்ல யாரைக் கூப்பிடுகிறோம் என்பதையும் பேசுங்கள். ஊர், கோத்திரம் சொல்லி ஆரம்பிக்கிற இடத்தில் அப்பா மாதிரி ஆள் எப்படி எழுந்து நிற்பார்?

டோம்பிவிலிப் பெண்:
அண்ணா, இதை முழுசாக எழுதுங்கள். அம்மாவின் வருத்தத்தையும் சேர்த்து.

முலுண்ட் மாமா:
தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. உங்கள் அப்பா வாசலில் நின்றது எங்கள் தலைமுறை பதில் சொல்ல வேண்டிய விஷயம், அதை இங்கே நாலு வரியில் தீர்க்க மாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். இந்தக் கதையை இன்றைக்கே நான் பத்துப் பேருக்கு அனுப்பினால், அவர்கள் நூறு பேருக்கு அனுப்பினால், அதில் ஒரு பூக்காரர் படித்துவிட்டு முதல் நாள் பூவைக் கொட்டினால் நல்லதுதானே? அனுப்பாதே என்று செம்பூர்க்காரர் சொல்வாரா?

செம்பூர்க்காரன்:
சொல்வேன் மாமா. ரெண்டாவது கை போவதற்குள் அந்த மௌனம் போய்விடும், பெரியவா அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதாக யாராவது ஒரு வரி சேர்ப்பார்கள், மூணாவது ஆள் அம்மாவையும் ஸ்கூல் பீஸையும் எடுத்துவிட்டு வியாபாரம் பத்து மடங்கு பெருகியது என்று முடித்துவிடுவார். போன வருஷம் எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னதற்கே இப்படி ஆனது, திரும்பி வந்தபோது அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

சயான் வாசகன்:
இந்தப் பூக்கடைக்காரர் சொன்னதை நான் ஒரு வார்த்தை விடாமல் நம்புகிறேன். நம்பச் சொல்லி அதில் எதுவும் கேட்கவில்லை.

மாட்டுங்கா பூக்கடை:
முலுண்ட் ஐயா, அனுப்ப வேண்டாம். அம்மா இன்னும் இருக்கிறார், அவர் கையில் போனும் இருக்கிறது.

முலுண்ட் மாமா:
சரி தம்பி, அனுப்பவில்லை. ஆனால் கேட்டதையெல்லாம் நிறுத்து என்ற விதிக்கு நான் இன்றும் ஒப்பவில்லை. வேண்டுமானால் ஒன்று செய்யலாம். சதாரா போனவர்கள் முலுண்டிலும் தானேயிலும் நாலைந்து பேர் எனக்குத் தெரிந்து இருக்கிறார்கள், எல்லோருக்கும் எண்பதுக்கு மேல், ஒருவருக்குக் காதும் கேட்காது. அடுத்த அனுஷத்துக்குள் போய்ப் பேசிப் பதிவு செய்துகொள்ளலாம். பார்வர்டை அதற்கப்புறம் படிக்கிறோம், முன்னால் வேண்டாம். செம்பூர்க்காரரே, நீங்கள் வருகிறீர்களா, நான் தனியாகப் போகவா?

செம்பூர்க்காரன்:
வருகிறேன். அப்புறமும் பார்வர்ட் வேண்டாம் என்றுதான் சொல்வேன். காது கேட்காதவரிடம் முதலில் போவோம், ஞாயிற்றுக்கிழமை தோதுப்படுமா?