மடிக்கணினிக்கு புளூடூத் மவுஸா, டாங்கிள் மவுஸா?

கேள்வி:
என் மடிக்கணினியில் யூஎஸ்பி போர்ட்டுகள் இரண்டே இருப்பதால், ஒன்றை டாங்கிளுக்கு (மவுஸின் சிக்னலைப் பெற போர்ட்டில் செருகும் சிறு கருவி) நிரந்தரமாக ஒதுக்கத் தயக்கமாக இருக்கிறது. எழுத்து வேலைக்கு புளூடூத் மவுஸ் போதுமா?

பதில் 1:
தாராளமாகப் போதும். விளையாட்டுக்கான டாங்கிள் மவுஸ்கள் தம் அசைவை நொடிக்கு 1000 முறையோ அதற்கு மேலோ கணினிக்குத் தெரிவிக்கக்கூடியவை என்றாலும், எழுத்து வேலையில் அந்த வேகம் புலப்படாது. சற்று நேரம் தொடாமல் விட்டால் புளூடூத் மவுஸ் விழித்துக்கொள்ள ஒரு கணம் பிடிக்கும். எனக்கு உறுத்துவது அது ஒன்றுதான்.

பதில் 2:
இரண்டுமே பொதுவாக 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இயங்குகின்றன. யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் இயங்கும்போது அதே அலைவரிசையில் இரைச்சல் எழுவதால், பக்கத்து போர்ட்டில் டாங்கிள் இருந்தால் சுட்டி திக்கித் திக்கி நகரக்கூடும். நீட்டிப்புக் கேபிளில் டாங்கிளைத் தள்ளி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால், பயாஸ் திரையில் (இயங்குதளம் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) புளூடூத் மவுஸ் பொதுவாக வேலை செய்யாது என்பதால், இரு முறைகளிலும் இயங்கும் மவுஸையே நான் பரிந்துரைப்பேன்.