செக்‌ஷன் மார்க், எலிவேஷன் மார்க்: சைட்டில் உங்களுக்கு நடந்தது என்ன?

கொருக்குப்பேட்டை சூப்பர்வைசர்:

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்து வீடு. ரெண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர், வடக்கே ரோடு. மறுநாள் படிக்கட்டுக்குச் சென்ட்ரிங் ஆரம்பிக்கணும். ஏ-ஏ செக்‌ஷன் அன்றைக்குத்தான் ஆபீசிலிருந்து வந்தது. வீட்டை வெட்டிப் பார்க்கிற படம் அது. எங்கே வெட்டியது, எந்தப் பக்கம் பார்த்தது என்பதைப் பிளானில் ஒரு கோடும் அம்பும் சொல்லும், அதுதான் மார்க்.

மேஸ்திரி தாளைச் சிமென்ட் மூட்டை மேல் விரித்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் எழுந்து போனார். பிளானில் செக்‌ஷன் கோடு ஓடுகிற அதே இடத்தில் நின்று, அம்பு காட்டுகிற மேற்குப் பக்கம் முகத்தைத் திருப்பி, ரெண்டு கையையும் அகல நீட்டினார். "சார், ரோடு என் சோத்துக்கை பக்கம் இருக்கு. படத்துல பீச்சாங்கை பக்கம் போட்டுக்கீது. இன்னா சார் இது?"

படம் கிழக்கே பார்த்து வரைந்தது, அம்பு மட்டும் மேற்கே. படிக்கட்டும் அதையேதான் சொன்னது. கோடு வெட்டுவது மேற்குப் பக்கத்து ஃபிளைட்டை, அதாவது படி வரிசையை. அங்கே நின்று மேற்கே பார்த்தால் சுவர்தான் தெரியும். படத்திலோ வெட்டுப்பட்ட ஃபிளைட்டுக்குப் பின்னால் இரண்டாவது ஃபிளைட் மெல்லிய கோட்டில் இருக்கிறது. ஆபீசுக்குப் போன் போட்டேன். வேறு வேலையிலிருந்து காப்பி எடுத்து, இடம் வலமாக மிரர் பண்ணிய பிளாக் (ரெடிமேட் குறி) என்றார்கள். அம்பை நம்பி வேலை செய்திருந்தால் வாசல் பக்கம் ஏற வேண்டிய படி பின்கட்டிலிருந்து ஏறியிருக்கும். எத்தனை மேஸ்திரி அப்படி எழுந்துபோய் நின்று பார்ப்பார்கள் என்பதுதான் இன்னும் மனசில் ஓடுகிறது.

பெரம்பூர் ரெவிட்:

சூப்பர்வைசர் சார், அது மார்க்கைத் தனியாக ஒட்டுகிறவர்களுக்கு வரும் பிரச்சினை. கம்ப்யூட்டரில் கோடு கோடாக வரைகிற ஆட்டோகேடில் வழக்கமாகப் போடும் செக்‌ஷன் பிளாக் வெறும் கோடும் வட்டமும்தான். செக்‌ஷன் படத்துக்கும் அதுக்கும் தொடர்பு கிடையாது. ரெவிட் கட்டடத்தையே மாடலாக வரைகிற சாஃப்ட்வேர். அதில் மார்க்கும் வியூவும் (மாடலிலிருந்து எடுக்கும் படமும்) ஒன்று. அம்பைத் திருப்பினால் படமும் திரும்பும். வியூவை ஷீட்டில் வைத்ததும் மார்க்கின் வட்டத்துக்குள் படத்தின் எண்ணும் ஷீட் நம்பரும் தானாக வந்து உட்காரும்.

எங்கள் ஆபீசில் நடந்தது வேறு. புதிதாகச் சேர்ந்த பையன், பிளான் நெரிசலாக இருக்கிறதே என்று ஒரு செக்‌ஷன் கோட்டை டெலீட் பண்ணிவிட்டான். ஷீட்டைத் திறந்தால் அந்த இடம் வெள்ளையாக இருக்கிறது. டைமென்ஷன், லெவல், நோட்ஸ் எல்லாம் வியூவோடு போய்விட்டன. பிரிண்ட் வாங்கிப் போக ஆள் வாசலில் நிற்கிறார். பையன் மவுஸிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

அதனால் எல்லாருக்கும் சொல்கிறேன். கோடு வேண்டாம் என்றால் அந்த வியூவில் மட்டும் ஹைட் பண்ணுங்கள், டெலீட் கீயைத் தொடாதீர்கள். 1:200 சைட் பிளானில் எல்லா மார்க்கும் வந்து குவிந்தால், செக்‌ஷன் ப்ராப்பர்ட்டியில் எந்த ஸ்கேலைவிடப் படம் சின்னதானால் மார்க் மறைய வேண்டும் என்று கொடுக்கலாம். 1:100 கொடுத்தால் 1:200-ல் தெரியாது. கோடு பிளான் முழுக்கக் குறுக்கே ஓடினால் நடுவில் உடைத்து, தலையையும் வாலையும் மட்டும் விடுங்கள். மொட்டை மாடி பிளானில் மார்க் காணோம் என்றால் செக்‌ஷனின் கிராப் (படத்தின் எல்லைச் சட்டம்) அந்த லெவல் வரை எட்டுகிறதா என்று பாருங்கள். பின்சுவர் தெரியவில்லை என்றால் ஃபார் கிளிப் தூரத்தை, அதாவது எவ்வளவு தூரம் வரை படத்தில் வரும் என்பதை, கூட்டுங்கள். இதெல்லாம் டெம்ப்ளேட்டிலேயே சரிபண்ணி வைக்கலாம், யாரும் செய்வதில்லை.

திருவொற்றியூர்:

தானாக வரும் என்று நம்பி விட்டுவிடுவதும் ஆபத்துதான். எங்கள் தெருவில் ஒரு வீடு. முதலில் பால்கனி கிடையாது, வீட்டுக்காரம்மா கேட்டு அப்புறம் சேர்த்தார்கள். மாடல் ரோட்டுப் பக்கமாக வளர்ந்தது, எலிவேஷன் (வெளிமுகத் தோற்றப் படம்) மார்க் மட்டும் பழைய இடத்திலேயே, பால்கனிக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. அந்த மார்க்குக்கு ஒரு வெட்டுக்கோடு உண்டு. மார்க்கின் வட்டத்தை ஒட்டித் திசை காட்டுகிற முக்கோணத்தைக் கிளிக் பண்ணினால்தான் கண்ணில் படும். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம், ரோட்டுப் பக்கமாக இருப்பது எதுவும் எலிவேஷனில் வராது.

பிரிண்டைக் கையில் வாங்கிய அம்மா மேலும் கீழுமாக விரலை ஓட்டிப் பார்த்து, "ஏம்பா, நான் ஆசப்பட்டுக் கேட்டது பால்கனி ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். கண் கலங்கிவிட்டது. பால்கனி மாடலில் பத்திரமாக இருக்கிறது என்று லேப்டாப்பைத் திறந்து காட்டியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மார்க்கை வெளியே நகர்த்தும்போது வட்டத்தையும் முக்கோணத்தையும் சேர்த்து செலக்ட் பண்ணி நகர்த்துங்கள். ஒன்று மட்டும் போனால் இன்னொன்று பழைய இடத்திலேயே நின்றுவிடும்.

ராயபுரம் பழைய டிரேசிங்:

பெரம்பூர் தம்பி சொல்வதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. அம்பு தானாகத் திரும்பும், நம்பர் தானாக விழும், சரி. எங்கே வெட்டுவது என்று யார் சொல்வது? டிரேசிங் தாளில் மையால் வரைந்த காலத்தில் செக்‌ஷன் கோடு போடுவதற்கு முன்னால் ஸ்கேலை பிளான் மேல் வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்ப்போம். படிக்கட்டு விழணும், டாய்லெட்டின் சங்கன் ஸ்லாப் (தாழ்த்திப் போட்ட தளம்) விழணும், ஒரு ஜன்னலாவது லிண்டல் (மேலே வரும் உத்திரம்), சன்ஷேடோடு விழணும். மெல்லிய சங்கிலிக் கோடு, நீளக் கீற்றும் குட்டைக் கீற்றும் மாறி மாறி வரும். இரு முனையிலும், திரும்புகிற இடத்திலும் மட்டும் தடிப்பு. கோடு திரும்பலாம் என்பதையே இப்போது பல பேர் மறந்துவிட்டார்கள், சாஃப்ட்வேரில் அதற்கு வசதி இருந்தும்.

காசிமேட்டில் ஒரு சைட்டுக்குப் போயிருந்தேன். போர்ட்டிகோவுக்குக் கீழே சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி). செக்‌ஷன் கோடு அதை ஓரடி தள்ளித் தாண்டிப் போகிறது. படத்தில் தரைக்குக் கீழே சம்ப்பே இல்லை. தோண்டுகிற ஆள் முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டு மேலே பார்த்து, "இன்னும் எவ்ளோ சார்?" என்கிறார். பதில் சொல்ல யாரிடமும் தாள் இல்லை. அந்த இடத்தில் கோட்டை ஒரு மடக்கு மடக்கியிருந்தால் போதும்.

இன்னொன்று. வடசென்னையில் சுவரோடு சுவர் ஒட்டிய மனைக்கு நாலு எலிவேஷன் எதற்கு? பக்கத்து வீடு மறைக்கிற சுவரை வரைந்து தாளை நிரப்புகிறார்கள். அந்த இடத்தில் இரண்டாவது செக்‌ஷன் ஒன்று கொடுங்கள்.

பெரம்பூர் ரெவிட்:

ஐயா, எங்கே வெட்டுவது என்பது மனுஷன் வேலைதான், நான் இல்லை என்று சொல்லவே இல்லை. மிரர் பிளாக் மாதிரி தப்பு வராது என்றுதான் சொன்னேன்.

வியாசர்பாடி பிரிண்ட் கடை:

நான் படம் வரைகிறவன் இல்லை, பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறவன். ஏ1 பிடிஎஃப் கொண்டு வருவார்கள், காசு மிச்சம் என்று ஏ3-ல் கேட்பார்கள். அளவு சரியாகப் பாதியாகிவிடும். 2.5 மில்லிமீட்டர் எழுத்து 1.25 ஆகிறது. அதையே மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் அம்பு கறுப்புப் புள்ளி.

ஒரு கம்பி கட்டுகிற அண்ணன் வந்தார். கையெல்லாம் துரு. மடித்து மடித்துக் கிழிந்த தாளை கவுண்டரில் வைத்து, "இந்த வட்டத்த மட்டும் பெருசு பண்ணித் தா தம்பி, உள்ள பியா டியான்னு தெரியல" என்றார். ஸ்கேன் பண்ணிப் பெரிதாக்கினேன், இன்னும் கலங்கலாகத்தான் வந்தது. ஆபீசில் கேட்டு பிடிஎஃப் அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். அவர் நம்பர் தேடி, போன் போட்டு, மெயில் வந்து சேர ஒரு மதியமே போய்விட்டது. அவருக்கு அது அரை நாள் கூலி. சைட்டுக்கு ஏ3-தான் போகும் என்று தெரிந்தால் வட்டத்துக்குள் எழுத்தை 5 மில்லிமீட்டரில் போடுங்கள், அம்பை உள்ளே நிரப்பி விடுங்கள்.