பிள்ளைகளுக்குக் கால்நடைப் பாடம்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். 10 வயதுப் பிள்ளைகள் சிலருக்கு விவசாயத்தின் அடிப்படையைச் சொல்லிக்கொடுக்கிறேன். பயிர்ப் பாடம் நன்றாகவே போகிறது. தட்டைப்பயறுச் செடியை வேரோடு பிடுங்கி வேர்முடிச்சுகளைக் காட்டினேன். அதற்குள் வாழும் பாக்டீரியாதான் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தருகிறது என்றதும், ஆளுக்கொரு முடிச்சை நசுக்கிப் பார்த்தார்கள். உள்ளே இளஞ்சிவப்பு! அன்று அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

கால்நடையில்தான் தடுமாறுகிறேன். கோழிமுட்டை 21 நாளில் பொரியும் என்பது சட்டென்று பிடித்துவிட்டது. ஆனால் மாட்டின் இரைப்பைக்கு 4 அறைகள், தின்றதை வாய்க்குத் திரும்பக் கொண்டுவந்து அசைபோடும் என்றால் தலையாட்டுகிறார்களே தவிர, மனதில் நிற்கவில்லை. கையால் செய்து பார்க்கும்படி எளிய வழி ஏதாவது உண்டா? அப்புறம், சாணம் மட்கி எருவாவதைக் காட்டச் சின்னத் தொட்டி போதுமா, குழிதான் வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள்.